ஜப்பானும் சீனாவும் வாங்கிய வெப்பமண்டல மரம்: ஐம்பது ஆண்டு இறக்குமதியை ஒப்பிடும் முறை

ஜப்பானும் சீனாவும் வெப்பமண்டல நாடுகளிலிருந்து இறக்குமதி செய்த உருட்டு மரத்தின் (அறுக்காத முழுக்கட்டையின்) அளவை 1961 முதல் ஒரே வரைபடத்தில் வரைந்தால் இரண்டு கோடுகள் கிடைக்கும். ஜப்பானின் கோடு 1973-ல் ஆண்டுக்கு 2.6 கோடி கன மீட்டரைத் தாண்டி உச்சம் தொடுகிறது. 1990-ல் அது ஒரு கோடிக்குச் சற்று மேலாகவும், 2000-ல் சுமார் 30 லட்சமாகவும் சரிந்து, 2010-க்குப் பிறகு 10 லட்சத்துக்கும் கீழே போய்விடுகிறது. சீனாவின் கோடு 1990-களின் பிற்பகுதி வரை தாழ்வாகவே சென்று, நூற்றாண்டு மாறும் தறுவாயில் ஜப்பானின் கோட்டைக் குறுக்காக வெட்டி மேலேறி, 2000-களின் நடுவில் ஆண்டுக்கு 70, 80 லட்சம் கன மீட்டர் என்ற மட்டத்தை எட்டுகிறது.

இந்தப் படத்தைப் பார்த்தவுடன் ஜப்பான் திருந்திவிட்டது, சீனா காடுகளை விழுங்கத் தொடங்கிவிட்டது என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். அந்த முடிவின் இரண்டு பாதிகளும் அவசரமானவை. மரம் எந்த வடிவில் வந்தது, எந்தக் குறியீட்டின் கீழ் எண்ணப்பட்டது, வந்த மரம் அந்த நாட்டிலேயே தங்கியதா என்ற கேள்விகளுக்கு விடை தேடாமல் இரண்டு நாடுகளை ஒப்பிட முடியாது. அந்த விடைகளைத் தரவிலிருந்தே எப்படிப் பெறுவது என்பதைப் படிப்படியாகக் கீழே விளக்கியிருக்கிறேன். தரவுத்தளங்களைத் திறக்கத் தெரிந்த, கூட்டல் பெருக்கலில் பொறுமை உள்ள எவரும் இதைச் செய்யலாம்.

முதல் படி: எந்த மரம் என்பதைத் தீர்மானித்தல்

நம் தச்சர்கள் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்து, வைரம் பாய்ந்திருக்கிறதா என்று சொல்வார்கள். வணிகப் புள்ளிவிவரத்தில் வரும் 'வன்மரம்' என்ற சொல்லுக்கும் அந்த உறுதிக்கும் தொடர்பில்லை. அகன்ற இலை கொண்ட, ஊசியிலை அல்லாத மரங்கள் அனைத்தும் அங்கே வன்மரமே. விரல் நகத்தால் கீறினால் தடம் பதியும் பால்சா மரமும் அந்தக் கணக்கில் வன்மரம்தான். எனவே முதலில் எழுதிவைக்க வேண்டியது, நாம் எண்ணப்போவது தாவர வகையையே தவிர உறுதியை அல்ல என்பதை.

அடுத்தது 'வெப்பமண்டல' என்ற அடைமொழி. இதற்கு இரண்டு வரையறைகள் புழக்கத்தில் உள்ளன. யோகோஹாமாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல மர அமைப்பு, கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட நாடுகளில் வளரும் அல்லது உற்பத்தியாகும் ஊசியிலை அல்லாத தொழில்துறை மரத்தை வெப்பமண்டல மரமாகக் கொள்கிறது. இது இடத்தை வைத்துச் செய்யும் வரையறை. சுங்கத் துறைகள் சரக்குகளை வகைப்படுத்தப் பயன்படுத்தும் பொதுக் குறியீடான எச்.எஸ். குறியீடோ மர இனங்களை வைத்துப் பிரிக்கிறது. தாய்லாந்தில் தோட்டப்பயிராக வளர்த்து, பால் வற்றிய பின் வெட்டி அறுத்து, சீனாவுக்குப் பெருமளவில் அனுப்பப்படும் ரப்பர் மரம் முதல் வரையறைக்குள் சிக்கலின்றி அடங்கும். சுங்கக் குறியீட்டிலோ அது 'பிற' என்ற பிரிவுக்குள் நழுவிவிடக்கூடும். இயற்கைக் காட்டின் அழிவுதான் உங்கள் கேள்வி என்றால் ரப்பர் மரத்தைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். மர வணிகத்தின் மொத்த அளவுதான் கேள்வி என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும் இரண்டு நாடுகளுக்கும் ஒன்றுபோலச் செய்யுங்கள்.

இரண்டாம் படி: குறியீடுகளைத் திரட்டுதல்

உருட்டு மரம் 4403, அறுத்த மரம் 4407, வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தாள் 4408, ஒட்டுப்பலகை 4412 என்பவை நான்கு முதன்மைத் தலைப்புகள். இவற்றுள் வெப்பமண்டல இனங்களுக்கென்று துணைப்பிரிவுகள் உள்ளன. உருட்டு மரத்தில் 4403.41 தென்கிழக்காசியாவின் மெரந்தி மர வகைகளுக்கும், 4403.49 மற்ற வெப்பமண்டல இனங்களுக்கும் உரியவை. தேக்குக்கு 2022 திருத்தத்தில்தான் 4403.42 என்றும் 4407.23 என்றும் தனி எண்கள் கிடைத்தன. ஆகவே 2022-ல் 'மற்ற இனங்கள்' திடீரென்று குறைந்திருந்தால் அதில் ஒரு பகுதி தேக்கு வேறு குறியீட்டுக்கு இடம்பெயர்ந்ததன் விளைவாக இருக்கலாம். எச்.எஸ். முறையே 1988-ல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பழைய வகைப்பாட்டை நாட வேண்டியிருக்கும். அதில் ஊசியிலை, ஊசியிலை அல்லாதது என்ற பிரிவே பெரும்பாலும் கிடைக்கும். அந்த ஆண்டுகளுக்கு, மரத்தை அனுப்பிய நாடு வெப்பமண்டலத்தைச் சேர்ந்ததா என்று பார்த்துத் தொகுப்பதே பாதுகாப்பான வழி.

சீனாவின் தரவில் தனிக் கவனம் கேட்கும் ஓர் இடம் உண்டு. ஈட்டி, கருங்காலி போன்ற செந்நிற, கருநிற உயர் மரங்களைச் சீனர்கள் 'ஹொங்மு' என்கிறார்கள். மிங், சிங் அரசமரபுக் காலப் பாணி நாற்காலிகளும் கட்டில்களும் இந்த மரங்களில்தான் செய்யப்படுகின்றன. 2000-ல் வெளியான சீனத் தேசியத் தரநிலை இதில் 33 இனங்களைப் பட்டியலிட்டது. 2017 திருத்தத்தில் அது 29 ஆனது. இந்த மரங்களின் உருட்டுக்கட்டைகள் 2016 வரை வெப்பமண்டலத் துணைப்பிரிவில் சேராமல், 4403.99 என்ற 'பிற' பிரிவுக்குள் சீனா வைத்திருந்த தனிக் குறியீட்டில் எண்ணப்பட்டன. மியான்மர், லாவோஸ், நைஜீரியா, கானா போன்ற வெப்பமண்டல நாடுகளிலிருந்து வந்த, மதிப்பில் மிக உயர்ந்த மரம் 'வெப்பமண்டல மரம்' என்ற கூட்டுத்தொகையில் இல்லாமலேயே போகும். அந்தக் குறியீட்டைத் தேடிச் சேர்க்காதவர், சீனாவின் இறக்குமதி மதிப்பைப் பெரிதும் குறைத்துக் காட்டுவார்.

ஆந்திரத்தின் சேஷாசலம் மலைகளில் வளரும் நம் செம்மரமும் அந்த ஹொங்மு பட்டியலில் இருக்கிறது. கடத்தப்படும் செம்மரம் எந்தச் சுங்கக் குறியீட்டிலும் பதிவாவதில்லை. நாம் எண்ணுவது பதிவான வணிகத்தை மட்டுமே என்ற எல்லைக் குறிப்பு எந்த ஒப்பீட்டிலும் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

மூன்றாம் படி: தரவை எடுத்தல்

நீண்ட காலத் தொடருக்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஃபாவோஸ்டாட் வனப் பிரிவு 1961 முதலான எண்களைத் தருகிறது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு என்ற விவரத்துக்கு ஐ.நா. காம்ட்ரேட் தரவுத்தளம் வேண்டும். ஜப்பானின் பதிவுகள் அதில் 1962-லிருந்தே உண்டு. சீனாவின் சொந்த அறிக்கை 1980-களில்தான் தொடங்குகிறது. வெப்பமண்டல மரத்துக்கென்றே தொகுத்த எண்களுக்கு முன்சொன்ன பன்னாட்டு மர அமைப்பின் ஈராண்டு ஆய்வறிக்கைகள் உதவும். ஆனால் அந்த அமைப்பே 1986-ல்தான் உருவானது.

ஃபாவோஸ்டாட்டில் 'சீனா' என்ற பெயர் தேர்வுப் பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரும். வெறும் 'சீனா' என்று இருப்பது பெருநிலப்பகுதி, ஹாங்காங், மக்காவ், தைவான் நான்கையும் கூட்டியது. 'சீனா, பெருநிலப்பகுதி' என்பது தனி. 1970-களில் தைவான், மெரந்தியை ஒத்த லாவான் மரத்தை இறக்குமதி செய்து ஒட்டுப்பலகையாக்கி ஏற்றுமதி செய்த பெரிய உற்பத்தி மையம். கூட்டுத்தொகையைத் தவறுதலாக எடுத்தால், பெருநிலச் சீனா மிகக் குறைவாகவே வாங்கிய ஆண்டுகளில் அது பெரிய வாங்குநராகத் தெரியும். நானும் முதல் முறை இந்தத் தொடரைத் தொகுத்தபோது 1970-களின் மேட்டைக் கண்டு அதற்கு அரசியல் காரணம் தேடி நாள்களைச் செலவிட்டிருக்கிறேன். எடுத்த தொடரின் பெயரைத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவைப்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

ஜப்பானியத் தரவில் நாட்காட்டி ஆண்டும், ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டும் வெவ்வேறு வெளியீடுகளில் கலந்து வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அளவுகளைச் சரிபார்த்தல்

கன மீட்டர் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே கன மீட்டர் அல்ல. மர வணிகத்தில், குறிப்பாகப் பழைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில், 'ஹாப்பஸ்' அளவு இன்றும் வழங்குகிறது. கட்டையின் நடுவில் நாடாவைச் சுற்றி, கிடைத்த சுற்றளவை நான்கால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். இரண்டு மீட்டர் சுற்றளவும் ஐந்து மீட்டர் நீளமும் உள்ள கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாப்பஸ் முறையில் 0.5-ன் வர்க்கம் 0.25, ஐந்தால் பெருக்கினால் 1.25. அதே கட்டையை உருளையாகக் கொண்டு வட்டப் பரப்பைக் கணக்கிட்டால் 1.59 கன மீட்டர் வருகிறது. அறுக்கும்போது வீணாகும் புறப்பகுதிக்காக வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கும் கழிவு அந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது. ஏற்றுமதி செய்த நாடு ஒரு முறையிலும் இறக்குமதி செய்த நாடு மற்றொன்றிலும் அளந்தால், எந்தத் தவறும் நடக்காமலேயே ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வேறுபாடு தோன்றும். மியான்மர் தேக்கு விற்கப்பட்ட ஹாப்பஸ் டன் ஏறத்தாழ 1.8 கன மீட்டருக்குச் சமம். டன் என்ற பெயரைப் பார்த்து எடை என்று நினைத்துவிடக் கூடாது.

சில ஆண்டுகளில் அளவு கிலோகிராமில் மட்டும் பதிவாகியிருக்கும். காபோனின் ஒகூமே இலேசான மரம். இந்தோனேசியப் பப்புவாவின் மெர்பாவு கனமானது. இரண்டுக்கும் ஒரே மாற்று விகிதத்தைப் போட்டால் கணக்கு பிசகும். பிழைகளைப் பிடிக்க எளிய வழி, ஒவ்வொரு வரியிலும் மதிப்பை அளவால் வகுத்து ஒரு கன மீட்டரின் விலையைக் கண்டு, அதே நாட்டின் முன்பின் ஆண்டுகளோடு வைத்துப் பார்ப்பது. அக்கம்பக்கத்து ஆண்டுகளில் இருநூறு டாலராக இருப்பது ஓர் ஆண்டில் மட்டும் இருபது டாலராகவோ நாலாயிரம் டாலராகவோ இருந்தால், அந்த வரியில் அலகு மாறியிருக்கிறது. அதை மதிப்பிலிருந்து திருத்தி, திருத்தியதைக் குறித்துவையுங்கள்.

ஐந்தாம் படி: எல்லாவற்றையும் உருட்டு மரமாக மாற்றுதல்

ஒப்பீட்டின் உயிர்நாடி இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒரு கன மீட்டர் பலகைக்கு ஒரு கன மீட்டருக்கும் அதிகமான மரம் வெட்டப்பட்டிருக்கும். பொதுவாகப் பயன்படுத்தும் பெருக்கு எண்கள் அறுத்த மரத்துக்கு 1.8, வெனீருக்கு 1.9, ஒட்டுப்பலகைக்கு 2.3. மில்லின் திறனுக்கேற்ப இவை மாறும் என்றாலும், ஒரே எண்ணை எல்லா ஆண்டுகளுக்கும் சீராகப் பயன்படுத்தினால் போக்கு தெளிவாகத் தெரியும்.

ஜப்பானியக் கட்டுமானத் தளங்களில் கான்கிரீட் வார்க்கும் அச்சுக்குப் பயன்படும் பலகையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 1,800 மில்லிமீட்டர் நீளம், 900 அகலம், 12 தடிமன். கன அளவு 0.0194 கன மீட்டர். 2.3-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.045. அதாவது ஒரு கன மீட்டர் காட்டு மரத்திலிருந்து இப்படிப்பட்ட பலகை 22 கிடைக்கும். போர்னியோவின் மழைக்காட்டில் பல பத்தாண்டுகள் வளர்ந்த மெரந்தி, டோக்கியோவில் சில முறை கான்கிரீட்டைத் தாங்கிவிட்டு, சிமென்ட் சாந்து படிந்த நிலையில் எறியப்பட்டுவிடுகிறது. இறக்குமதிக் கணக்கில் இது உருட்டு மரமாக வரவில்லை என்பதாலேயே அந்தக் காட்டில் மரம் விழவில்லை என்று ஆகிவிடாது.

1990-களின் நடுவில் ஜப்பான் ஆண்டுக்கு 40 லட்சம் கன மீட்டருக்கும் மேல் ஒட்டுப்பலகை இறக்குமதி செய்தது. அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்தது. 40 லட்சத்தை 2.3-ஆல் பெருக்கினால் 92 லட்சம். அந்தக் காலத்தில் ஜப்பானுக்கு உருட்டு மரமாக வந்ததைவிட ஒட்டுப்பலகைக்குள் ஒளிந்து வந்த மரமே அதிகம். முதல் வரைபடத்தில் செங்குத்தாகச் சரிந்த ஜப்பானின் கோடு, இந்த மாற்றத்துக்குப் பிறகு மெல்லச் சாய்கிற கோடாகிவிடும். ஜப்பான் மரம் வாங்குவதைக் குறைத்துக்கொண்ட காலம் உருட்டு மரக் கோடு காட்டுவதைவிட மிகவும் பிந்தியது.

ஆறாம் படி: திருப்பங்களுக்குக் காரணம் தேடுதல்

கோட்டில் எங்கெல்லாம் முறிவு தெரிகிறதோ அங்கெல்லாம் ஒரு சட்டமோ சந்தை மாற்றமோ இருக்கும். அவற்றில் பலவும் வாங்கும் நாட்டில் நடந்தவை அல்ல, விற்கும் நாட்டில் நடந்தவை. தெற்குக் கடல்களின் மரம் என்று பொருள்படும் 'நன்யோசாய்' என்ற பெயரில் ஜப்பான் வாங்கிய மரம், 1960-களில் பெரும்பாலும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. 1970-களில் இந்தோனேசியா முன்னணிக்கு வந்தது. 1980-களில் மலேசியாவின் சபாவும் சரவாக்கும். அதன் பின் பப்புவா நியூகினியும் சாலமன் தீவுகளும். ஒரு காடு தீர்ந்தபோதோ ஒரு நாடு கதவைச் சாத்தியபோதோ கப்பல்கள் அடுத்த துறைமுகத்துக்குத் திரும்பின. 1985-ல் இந்தோனேசியா உருட்டு மர ஏற்றுமதியை முழுமையாகத் தடுத்து, உள்நாட்டு ஒட்டுப்பலகை ஆலைகளைப் பெருக்கியது. 1993-ல் சபா தடை விதித்தது. ஜப்பானிய ஆலைகள் பிறகு ஊசியிலை மரங்களான ரஷ்ய லார்ச்சுக்கும், அதன் பின் உள்நாட்டுச் சுகி மரத்துக்கும் மாறின. இவற்றோடு வீட்டுத் தேவையையும் வைத்துப் பாருங்கள்: 1973-ல் ஜப்பானில் கட்டத் தொடங்கிய வீடுகள் சுமார் 19 லட்சம், 2009-ல் 8 லட்சத்துக்கும் குறைவு. முதல் வரைபடத்தின் உச்சமும் 1973-தான்.

சீனாவின் பக்கத்தில் 1998 தவிர்க்க முடியாத ஆண்டு. யாங்சி ஆற்றின் பெருவெள்ளத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மேற்பகுதிக் காடுகள் அழிந்ததே வெள்ளத்தின் கடுமைக்குக் காரணம் என்று கருதிய அரசு, யாங்சி, மஞ்சள் ஆறுகளின் மேல்பகுதி இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுத்தது. அடுத்த ஆண்டே உருட்டு மரத்துக்கான இறக்குமதித் தீர்வையை நீக்கியது. 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. சொந்தக் காட்டைக் காக்கும் முடிவின் சுமை அடுத்த நாட்டுக் காட்டின் மீது விழுந்தது என்பதை இந்த மூன்று தேதிகளும் சேர்ந்து சொல்கின்றன. ஆனால் 2007-ல் சீனா இறக்குமதி செய்த மொத்த உருட்டு மரம் சுமார் 3.7 கோடி கன மீட்டர் என்றாலும், அதில் பெரும்பகுதி ரஷ்யாவின் ஊசியிலை மரம். மொத்தத்தையும் வெப்பமண்டல மரத்தையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம் உள்ளன என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

2010-ல் காபோனும், 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மரும், 2016-ல் லாவோஸும் விதித்த உருட்டு மர ஏற்றுமதித் தடைகளைச் சீனாவின் கோட்டின் மீது குறியுங்கள். தடைக்குப் பிறகு அந்த நாட்டின் அறுத்த மரம் கூடியதா, அண்டை நாட்டின் உருட்டு மரம் கூடியதா என்று அடுத்தடுத்துப் பார்த்தால், தடை மரத்தைக் காத்ததா அல்லது வழியை மட்டும் மாற்றியதா என்பது புலப்படும்.

ஏழாம் படி: எதிர்ப்பக்கக் கணக்கோடு ஒத்துப்பார்த்தல்

சீனா ஒரு நாட்டிலிருந்து வாங்கியதாகப் பதிவுசெய்ததையும், அந்த நாடு சீனாவுக்கு விற்றதாகப் பதிவுசெய்ததையும் அருகருகே வையுங்கள். அளவு முறை, கப்பல் பயண நாள்கள், இடைத்துறைமுகம் ஆகியவற்றால் சிறு வேறுபாடு இருக்கவே செய்யும். பல மடங்கு வேறுபாடு இருந்தால் அது வேறு கதை. இந்தோனேசியா 2001-ல் உருட்டு மரத் தடையை மீண்டும் கொண்டுவந்த பிறகும், பப்புவாவின் மெர்பாவு மலேசிய ஆவணங்களோடு சீனத் துறைமுகங்களுக்குச் சென்றதை 2005-ல் இரண்டு சுற்றுச்சூழல் அமைப்புகள் வெளிக்கொணர்ந்தன. மியான்மரின் கச்சின் மலைகளிலிருந்து சீனாவின் யுன்னானுக்கு லாரிகளில் தரைவழியே சென்ற மரமும் இப்படித்தான்: சீனப் பதிவில் இருக்கும், மியான்மரின் பதிவில் இராது. இந்த வேறுபாட்டை முழுவதும் கடத்தல் என்று எழுதிவிடாமல், விளக்கம் தேவைப்படும் இடம் என்று எழுதுவதே நேர்மை.

எட்டாம் படி: தங்கியது எவ்வளவு, தலைக்கு எவ்வளவு

1990-களில் இந்தோனேசிய ஒட்டுப்பலகையைப் பெருமளவில் வாங்கிய சீனா, 2000-களின் தொடக்கத்திலேயே ஒட்டுப்பலகையின் நிகர ஏற்றுமதியாளராகிவிட்டது. இறக்குமதியான மரத்தின் ஒரு பகுதி மேசையாகவும் தரைப்பலகையாகவும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும், ஜப்பானுக்கும்கூடப் போனது. எனவே ஏற்றுமதியையும் அதே பெருக்கு எண்களால் மாற்றிக் கழித்து, நிகரத் தொடர் ஒன்றைத் தனியே வரையுங்கள். ஏற்றுமதியான அறைகலனில் எவ்வளவு வெப்பமண்டல மரம் என்பது குறியீட்டிலிருந்து தெரியாது என்பதால், ஒட்டுப்பலகை, அறுத்த மரம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தலைக்கணக்கு மிக எளிது, ஆனால் படத்தையே புரட்டிப்போடும். 1973-ல் ஜப்பானின் மக்கள்தொகை சுமார் 10.9 கோடி, உருட்டு மரம் மட்டும் ஒருவருக்கு ஏறத்தாழ 0.24 கன மீட்டர். 2005-ல் சீனாவின் மக்கள்தொகை சுமார் 130 கோடி. 75 லட்சம் கன மீட்டர் என்று வைத்தால் ஒருவருக்கு 0.006-க்கும் குறைவு. நாற்பது மடங்கு இடைவெளி. ஆனால் காட்டுக்குத் தலைக்கணக்கு தெரியாது. பப்புவா நியூகினி 2010-களில் ஆண்டுக்கு 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் உருட்டு மரம் ஏற்றுமதி செய்தது. அதில் பத்தில் ஒன்பது பங்கு போல சீனாவுக்கே சென்றது. ஆகவே தலைக்கணக்கோடு, விற்கும் ஒவ்வொரு நாட்டின் ஏற்றுமதியில் வாங்கும் நாட்டின் பங்கு எத்தனை விழுக்காடு என்ற தொடரையும் வரையுங்கள். சீனாவை நியாயமாகப் பார்க்க முதலாவதும், சாலமன் தீவுகளின் காட்டை நியாயமாகப் பார்க்க இரண்டாவதும் தேவை.

வரைபடத்தில் இரண்டு நாடுகளுக்கும் ஒரே செங்குத்து அளவுகோலைப் பயன்படுத்துங்கள். இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் வேறு அளவு என்று போட்டால் கோடுகள் வெட்டும் ஆண்டை வரைபவர் விருப்பப்படி நகர்த்த முடியும். ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கம் கண்ணை உறுத்தினால் மூன்றாண்டுச் சராசரி எடுக்கலாம். 1973, 1998 போன்ற முறிவுகளைச் சராசரி மழுக்கிவிடும் என்பதால் மூலக் கோட்டையும் மெல்லியதாக உடன் வையுங்கள். ஃபாவோஸ்டாட்டும் காம்ட்ரேட்டும் பழைய ஆண்டுகளின் எண்களையும் அவ்வப்போது திருத்துகின்றன. தரவை இறக்கிய தேதி, எச்.எஸ். திருத்தத்தின் ஆண்டு, பயன்படுத்திய பெருக்கு எண்கள், ஹொங்முவையும் ரப்பர் மரத்தையும் சேர்த்தீர்களா விட்டீர்களா என்ற விவரம் ஆகியவற்றை வரைபடத்தின் அடியிலேயே எழுதிவிட்டால், உங்கள் எண்ணோடு உடன்படாதவர் எந்தப் படியில் உடன்படவில்லை என்பதை அவரே கண்டு சொல்லிவிட முடியும்.